குழாய் இரண்டு, கிணறு ஒன்று

கேள்வி: கோவை கணபதியில் மோட்டார் பட்டறை நடத்துகிறேன். அப்பா தொடங்கியது. அவர் காலத்தில் காந்தம் இல்லாத சாதா இண்டக்‌ஷன் மோட்டார்தான். நான் பொறுப்புக்கு வந்த பிறகு சோலார் பம்புக்கான காந்தம் வைத்த 4 இஞ்ச் பி.எல்.டி.சி. சப்மெர்சிபிள் (தண்ணீரில் மூழ்கி ஓடும்) மோட்டாருக்கு மாறினோம். ஒரு ஓரமாக மின்விசிறி மோட்டாரும் ஓடுகிறது. 34 பேர் வேலை பார்க்கிறார்கள். இரண்டுக்குமே காந்தம் சீனாவிலிருந்து வருகிறது. சப்மெர்சிபிளுக்கு மட்டும் மாதம் 12 லட்ச ரூபாய்க்கு வாங்குகிறோம். 2025-இல் சீனா ஏற்றுமதிக் கட்டுப்பாடு கொண்டுவந்தபோது சரக்கு வராமல் ஏழு வாரம் அந்த லைன் நின்றது. சம்பளம், வாடகை, தவணை என்று மாதம் 9 லட்சம் கையை விட்டுப் போனது. பெரிய வாடிக்கையாளர் ஒருவர் தாமதத்துக்கு அபராதம் பிடித்துக்கொண்டார். 'பழையபடி இண்டக்‌ஷனுக்கே போயிடலாம்' என்கிறார் அப்பா. 'வியட்நாமில் வாங்கு' என்கிறான் தம்பி. 'ஆறு மாதச் சரக்கு வாங்கி அடுக்குங்கள், கடன் லிமிட் கூட்டித் தருகிறேன்' என்கிறார் வங்கி மேலாளர். வெளிநாட்டை நம்பித் தொழில் செய்வதே தப்பா? நான் யார் பேச்சைக் கேட்பது, ஐயா?

- பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன், அம்மணி. சப்மெர்சிபிள் லைன் ஏழு வாரம் நின்றது என்று எழுதியிருக்கிறீர்கள். மின்விசிறி லைன் நின்றதாக எங்கும் எழுதவில்லை. அதற்கும் காந்தம் சீனாவிலிருந்துதான் வருகிறது. அதே நாடு, அநேகமாக அதே துறைமுகம். ஒன்று நின்றது, இன்னொன்று ஓடியது. உங்கள் கேள்விக்கான பாதிப் பதில் அதற்குள்ளேயே கிடக்கிறது.

மின்விசிறியில் நீங்கள் போடுவது ஃபெர்ரைட்டாகத்தான் இருக்கும். கறுப்பாக, கீழே விழுந்தால் ஓடு மாதிரி உடையுமே, அது. பெரும்பகுதி இரும்பு ஆக்சைடு, கூடக் கொஞ்சம் ஸ்ட்ரான்ஷியமோ பேரியமோ. அதற்கு யாரும் லைசென்ஸ் கேட்பதில்லை. சப்மெர்சிபிளில் போடுவது நியோடிமியம் காந்தம். அதிலும் சூடு தாங்குவதற்காக டிஸ்புரோசியமோ டெர்பியமோ சிறிதளவு கலந்த ரகம். 2025 ஏப்ரல் 4 அன்று சீனா ஏழு அரிய மண் (ரேர் எர்த்) தனிமங்களை ஏற்றுமதி லைசென்ஸ் பட்டியலில் சேர்த்தது: சமேரியம், கடோலினியம், டெர்பியம், டிஸ்புரோசியம், லுடீசியம், ஸ்காண்டியம், இட்ரியம். இந்தப் பட்டியலில் நியோடிமியம் இல்லை என்பதைக் கவனியுங்கள். உங்கள் சரக்கை நிறுத்தியது காந்தத்தின் எடையில் சில சதவீதமே இருக்கும் ஒரு சேர்மானம். ரசம் வைக்கக் கடையில் எல்லாம் கிடைத்தும் பெருங்காயம் கிடைக்காமல் அடுப்பை அணைத்த கதைதான்.

அதனால் யார் பேச்சைக் கேட்பது என்பதற்கு முன்னால், பீரோவில் இருக்கும் காந்தத்தின் டெஸ்ட் சர்டிபிகேட்டை எடுத்துப் பாருங்கள். 35, 42 என்று ஏதோ ஓர் எண்ணும் அதை ஒட்டி எழுத்தும் இருக்கும். எண் காந்தத்தின் வலு, எழுத்து அது தாங்கும் சூடு. வெறும் என் என்றால் சுமார் 80 டிகிரி. எம் என்றால் 100, எச் என்றால் 120, எஸ்.எச். 150, யூ.எச். 180. மேலே போகப் போக டிஸ்புரோசியம் தேவை கூடும். கீழ் ரகங்களுக்குப் பெரும்பாலும் அது தேவையே இல்லை. உங்களுடையது எஸ்.எச். அல்லது யூ.எச். என்பது என் ஊகம்.

அந்த எழுத்தை முடிவு செய்தது யார்? முதல் சாம்பிள் மோட்டாரை வெளியிலிருந்து வாங்கிப் பிரித்துப் பார்த்து, அதில் இருந்த கிரேடை அப்படியே டிராயிங்கில் எழுதிவிடுவது நம் ஊர்ப் பழக்கம். குறையாகச் சொல்லவில்லை, நானே செய்திருக்கிறேன். ஆனால் வெயிலில் மேடேறுகிற ஸ்கூட்டர் மோட்டாரும் போர்க்குழாய்க்குள் தண்ணீரில் முங்கிக் கிடக்கிற மோட்டாரும் ஒன்றல்ல. உங்கள் மோட்டார் தன் ஆயுள் முழுவதும் குளித்துக்கொண்டே இருக்கிறது. அதற்கு 180 டிகிரி தாங்கும் காந்தம் எதற்கு?

இதைச் சோதித்துப் பார்க்கப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. ஒரு மோட்டாரில் ஒரு படி, முடிந்தால் இரண்டு படி கீழான கிரேடு காந்தத்தைப் போடுங்கள். வேறொரு மோட்டாரை வைத்து இந்த மோட்டாரின் ஷாஃப்டைச் சுற்றவிட்டு, அப்போது இது தானே உண்டாக்கும் வோல்ட்டை (பேக் ஈ.எம்.எஃப்.) அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் களத்தில் வரக்கூடிய மிக மோசமான நிலையில் முழு லோடில் ஓட்டுங்கள், தண்ணீரும் வெதுவெதுப்பாக இருக்கட்டும். முழுக்க ஆறிய பின் அதே வேகத்தில் மறுபடி அளந்தால், வோல்ட் குறைந்திருக்கிறதா என்பது தெரிந்துவிடும். குறைந்திருந்தால் காந்தம் வலு இழந்திருக்கிறது, அந்தக் கிரேடு ஆகாது. குறையவில்லை என்றால் நீங்கள் இத்தனை வருஷமாகத் தேவையில்லாத ஒன்றுக்குக் காசு கொடுத்து, அதற்காகவே லைனையும் நிறுத்தியிருக்கிறீர்கள். ஒரு எச்சரிக்கை: கிணறு வற்றி மோட்டார் காய்ந்து ஓடினால் கன்ட்ரோலர் உடனே நிறுத்துகிறதா என்று பார்த்துவிடுங்கள். அந்த டிரை ரன் பாதுகாப்பு சரியில்லாவிட்டால் கிரேடைக் குறைக்கவே கூடாது. இன்னொன்று, டிஸ்புரோசியம் இல்லாத சரக்குக்கும் 'இல்லை' என்பதற்குச் சீனப் பக்கம் சான்று கேட்டுத் தாமதம் ஆகலாம். ஆனாலும் பரிசோதனைத் தாளுக்குக் காத்திருப்பதும் லைசென்ஸுக்குக் காத்திருப்பதும் ஒன்றாகாது.

இனி தம்பி சொல்கிற வியட்நாம். இதற்கு என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் 31 வருஷம் கொள்முதல் பிரிவில் இருந்தேன். எரிபொருள் குழாய்க்கு இரண்டு சப்ளையர் வைத்திருந்தேன். ஒருவர் வடக்கே, ஒருவர் மேற்கே. இருவருக்கும் ஆறுக்கு நாலு என்று ஆர்டரைப் பிரித்துக் கொடுத்து, ஒருவர் கைவிட்டால் மற்றவர் இருக்கிறார் என்று நிம்மதியாகத் தூங்கினேன். ஆண்டாய்வில் அதற்காகப் பாராட்டுகூட வாங்கினேன். 2012 மார்ச் 31 அன்று ஜெர்மனியின் மார்ல் நகரில் ஒரு ரசாயன ஆலையில் வெடிவிபத்து ஏற்பட்டு இரண்டு தொழிலாளிகள் இறந்தார்கள். செய்தியைப் பார்த்தேன், பக்கத்தைத் திருப்பிவிட்டேன். சில நாளில் என் இரண்டு சப்ளையரிடமிருந்தும் ஒரே மாதிரி கடிதம் வந்தது, ஏறக்குறைய ஒரே வாசகத்தில். குழாய் செய்வது நைலான் 12-இல். அந்த நைலானுக்கு வேண்டிய ஒரு ரசாயனத்தின் உலக உற்பத்தியில் பெரும்பங்கு எரிந்துபோன அந்த ஆலையில். என்னிடம் இருந்தது இரண்டு குழாய், இரண்டும் இறங்கியிருந்தது ஒரே கிணற்றில். பம்பு ஊர்க்காரனான எனக்கே அது அதுவரை உறைக்கவில்லை என்பதுதான் வெட்கம்.

அதனால் வியட்நாம்காரரிடம் விலை கேட்பதற்கு முன் உங்கள் தம்பி கேட்க வேண்டிய கேள்வி இது: 'காந்தத்தை நீங்கள் அறுத்து முலாம் பூசுகிறீர்களா, அல்லது அலாயை (உலோகக் கலவையை) உருக்குவதிலிருந்து செய்கிறீர்களா? அலாய் என்றால் உலோகம் எங்கிருந்து வருகிறது?' உலகில் அரிய மண் சுத்திகரிப்பிலும் காந்த உற்பத்தியிலும் ஏறக்குறைய 90 சதவீதம் சீனாவில் நடக்கிறது. கட்டியாகச் சீனாவிலிருந்து வாங்கி வேறு நாட்டில் துண்டு போட்டு விற்றால், பில்லில் நாட்டின் பெயர் மாறும், கிணறு மாறாது. தம்பிக்குக் கிடைக்கிற பதில் நேர்மையானதாக இருந்தால் வியட்நாமிலும் வாங்கலாம், ஜப்பானிலும் வாங்கலாம். விலை கூடத்தான் இருக்கும்.

இதில் பெரிய நாடுகளே எப்படி மாட்டிக்கொண்டன என்று பார்த்தால் உங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் மவுண்டன் பாஸ் என்ற இடத்தில் அரிய மண் சுரங்கம் இருக்கிறது. பல வருஷம் அங்கே தோண்டியதைச் சுத்திகரிக்கச் சீனாவுக்குக் கப்பல் ஏற்றி அனுப்பினார்கள். 2025 ஏப்ரலில்தான் நிறுத்தினார்கள். நியோடிமியம் காந்தத்தை 1980-களின் தொடக்கத்தில் ஒரே சமயத்தில் கண்டுபிடித்தது ஜப்பானில் மசாட்டோ சகாவாவும் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியும். ஜெனரல் மோட்டார்ஸ் அந்தக் காந்தத் தொழிலைத் தனிக் கம்பெனியாக்கி, 1995-இல் சீனப் பங்குதாரர்கள் இருந்த ஒரு குழுவுக்கு விற்றுவிட்டது. பிறகு இயந்திரங்களும் அங்கே போயின.

ஜப்பானுக்கு 2010-லேயே பாடம் கிடைத்தது. சீனாவும் உரிமை கோரும் சென்காகு தீவுகள் அருகே படகு மோதிய தகராறில் சீனச் சரக்கு நின்றது. மறு வருஷமே ஜப்பான் ஆஸ்திரேலியாவின் லைனாஸ் சுரங்கக் கம்பெனியில் பணம் போட்டது, மலேசியாவின் குவாந்தானில் சுத்திகரிப்பு ஆலை எழுந்தது. இத்தனைக்கும் பிறகு ஜப்பானின் சீனச் சார்பு சுமார் 90-லிருந்து 60 சதவீதம் வரைதான் இறங்கியது. 2025-இல் சுசுகி ஸ்விஃப்ட் கார் உற்பத்தியை ஜப்பானிலேயே சில நாள் நிறுத்த வேண்டி வந்தது. பணமும் அரசும் பின்னால் நிற்கும் ஜப்பானுக்கே இந்த நிலை என்றால், கணபதியில் 34 பேரை வைத்துக்கொண்டு நீங்கள் ஒரே வருஷத்தில் 'சீனாவே வேண்டாம்' என்று முடிவெடுப்பது வீம்பாகத்தான் முடியும்.

சீனாவும் முழுக்கச் சொந்தக் காலில் நிற்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். டிஸ்புரோசியம், டெர்பியம் போன்ற கனரக அரிய மண்ணில் பெரும்பகுதி அவர்களுக்கு மியான்மரின் கச்சின் மாநிலத்திலிருந்து வருகிறது. 2024 அக்டோபரில் கச்சின் விடுதலைப் படை பாங்வா சுரங்கப் பகுதியைப் பிடித்தபோது அவர்களுக்கும் வயிறு கலங்கியது. ஆக, உங்கள் பட்டறை காந்த ஆலைகள் உள்ள நிங்போ போன்ற சீன நகரத்தை நம்பி இருக்கிறது, அந்த நகரம் ஒரு மலைக்காட்டுச் சண்டையை நம்பி இருக்கிறது.

நம் ஊர் மண் என்னாச்சு என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் மோனசைட் (அரிய மண்ணும் தோரியமும் உள்ள மணல் கனிமம்) இருப்பதை 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் கண்டுபிடித்தார், அதுவும் இங்கிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்து. அப்போது அவர்களுக்கு வேண்டியது கேஸ் விளக்கு மேன்டிலுக்கான தோரியம். முதல் உலகப் போர் வந்ததும் அவர் கைதாகி, தொழில் ஆங்கிலேயர் கைக்குப் போனது. கச்சாப்பொருளுக்கு வெளிநாட்டை நம்புவதில் உள்ள ஆபத்தை ஜெர்மனிக்கு முதலில் கற்றுக்கொடுத்தவற்றில் குமரி மாவட்டத்து மணலும் ஒன்று என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. இன்றும் அங்கே அரசின் ஐ.ஆர்.இ.எல். நிறுவனம் மணலைப் பிரிக்கிறது. நம் மோனசைட்டில் நியோடிமியம் உண்டு, ஆனால் டிஸ்புரோசியம் மிகவும் சொற்பம். மணலிலிருந்து காந்தம் வரைக்குமான நடுப்படிகள்தான் நம்மிடம் பெரிய அளவில் இல்லை. 2025 நவம்பர் 26 அன்று மத்திய அமைச்சரவை வருஷத்துக்கு 6,000 டன் காந்தம் செய்ய 7,280 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. ஆலை கட்டுவதற்கே அதில் இரண்டு வருஷம் ஒதுக்கியிருக்கிறார்கள். வரட்டும், வந்தால் நீங்கள் முதல் வரிசையில் நிற்க வேண்டும். அதுவரை அதைக் கணக்கில் வைக்காதீர்கள். டிஸ்புரோசியம் தேவைப்படாத டிசைனோடு நீங்கள் நின்றால் இந்தியக் காந்தம் உங்களுக்குப் பொருந்துவது சுலபம் என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

அப்பா சொல்வதற்கு வருகிறேன். அவர் சொல்வதைப் பழைய காலத்துப் பேச்சு என்று ஒதுக்காதீர்கள். இண்டக்‌ஷன் மோட்டாரில் காந்தமே இல்லை, அந்த ஒரு கவலை அடியோடு போகும். சோலார் பம்புத் திட்டங்களில் இந்த மோட்டாரில் ஓடும் ஏ.சி. பம்புக்கும் இடம் இருக்கிறது. ஆனால் அதே தண்ணீரை எடுக்க மின்சாரம் கூடுதலாகத் தின்னும், அதற்குச் சோலார் பேனல் கூடும், உங்கள் வாடிக்கையாளர் அந்தக் கணக்கைப் போட்டுத்தான் உங்களிடம் வந்தார். காப்பரும் அதிகம் போகும். அந்தக் காப்பர் உள்நாடுதானே என்றால், அதற்கும் ஒரு கதை இருக்கிறது.

2018 மே 22 அன்று தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து 13 பேர் செத்தார்கள். அதே மாதம் 28-ஆம் தேதி ஆலையை மூட அரசு உத்தரவிட்டது. மூடியது சரியா தவறா என்பதற்குள் நான் போகவில்லை, அந்தக் காற்றைச் சுவாசித்தவர்கள் பேச வேண்டியது அது. கொள்முதல்காரனாக நான் பார்ப்பது இதைத்தான்: வருஷத்துக்கு 4 லட்சம் டன் திறனுள்ள ஆலை ஒரே உத்தரவில் இல்லாமல் போனது. அதுவரை சுத்திகரித்த காப்பரை ஏற்றுமதி செய்துகொண்டிருந்த நாடு இறக்குமதி செய்யும் நாடானது. கோவையிலிருந்து 400 கிலோமீட்டருக்குள் இருந்த ஆலை அது, கப்பலும் வேண்டாம், சுங்கமும் வேண்டாம். அதற்கும் முன்னால், 1997 பிப்ரவரியில் ஜப்பானின் கரியா ஊரில் ஐசின் தொழிற்சாலை எரிந்தபோது, பிரேக்கில் போடும் கையளவு வால்வு ஒன்று கிடைக்காமல் டொயோட்டாவின் ஆலைகள் சில நாள் நின்றன. அந்தத் தொழிற்சாலை டொயோட்டாவின் சொந்தக் கொல்லைப்புறத்தில் இருந்தது. வெளிநாட்டை நம்புவது தப்பா என்று கேட்டீர்களே, தப்பு ஒன்றை மட்டும் நம்புவது. அந்த ஒன்று உள்ளூரில் இருந்தாலும் அப்படித்தான்.

எனவே அப்பாவின் யோசனையை முழு மாற்றமாக எடுக்காமல், ஒரு மாற்று வழியாக எடுங்கள். 1 எச்.பி., 2 எச்.பி. இரண்டிலும் ஒரு இண்டக்‌ஷன் மாடலுக்குச் சான்றிதழ் வாங்கி, ஸ்டாம்பிங் டையைத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்துக்கொண்டு, மாதம் பத்து மோட்டாராவது செய்யுங்கள். வேலை செய்பவர்களின் கை மறக்காமல் இருக்கும். ஃபெர்ரைட்டுக்கு மாறலாமே என்று யாராவது சொன்னால், மின்விசிறிக்குச் சரி, 4 இஞ்ச் போர்க்குழாய்க்குள் அது சிரமம். காந்த வலு மூன்றில் ஒரு பங்குதான். சுற்றளவைக் கூட்ட இடமில்லை, நீளம்தான் வளரும்.

வங்கி மேலாளரின் ஆறு மாதச் சரக்கு யோசனைக்கு வருவோம். நீங்கள் தந்த எண்களையே வைத்துப் பார்த்தேன். ஏழு வாரம் நின்றதில் நிலைச் செலவு மட்டும் பதினாலரை லட்சம், அபராதம் தனி. மூன்று மாதக் காந்தத்தைக் கூடுதலாக வைத்தால் 36 லட்சம். வட்டி 11 சதவீதம் என்று வைத்தால் வருஷத்துக்கு நாலு லட்சம். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை இப்படி ஒரு தடங்கல் வந்தாலே அந்த வட்டி கட்டுப்படியாகும். ஆறு மாதம் என்றால் எட்டு லட்சம், அது உங்கள் அளவுக்குக் கனம். மேலாளர் சொல்லாமல் விட்டதும் ஒன்று இருக்கிறது. சரக்கின் மதிப்பில் கால்பங்கை மார்ஜினாக உங்கள் கையிலிருந்து போடச் சொல்வார்கள். பல வங்கிகள் 90 நாளைக்கு மேல் அசையாத சரக்கைக் கணக்கில் எடுப்பதில்லை. ஸ்டாக் ஸ்டேட்மென்ட் கொடுக்கும்போது உங்கள் ஆறு மாதச் சரக்கில் பாதிக்கு லிமிட் கிடைக்காமல் போனால் சம்பள நாளில் திண்டாடுவீர்கள். இதை அவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

என்னைக் கேட்டால் மூன்று மாதம். அதற்கு முன் ஒரு வேலை: இப்போது எத்தனை அளவில் காந்தம் வாங்குகிறீர்கள்? நாலைந்து அளவு இருந்தால் ஒன்றாகவோ இரண்டாகவோ குறைக்க முடியுமா என்று டிசைனரோடு உட்காருங்கள். சுழலும் பாகமான ரோட்டாரின் குறுக்களவை எல்லா எச்.பி.க்கும் ஒன்றாக வைத்து, அதே துண்டை நீளவாக்கில் ஒன்று, இரண்டு, மூன்று என்று அடுக்கினால் ஒரே சரக்கு எல்லா மாடலுக்கும் ஆகும். ஐந்து அளவில் மூன்று மாதம் வைத்திருந்தால் தேவைப்படுகிற அளவு மட்டும் இருக்காது, எந்தக் கிடங்கிலும் இதுதான் நடக்கும். ஒரே அளவில் வைத்தால் அந்தச் சிக்கல் இல்லை. நியோடிமியம் துருப்பிடிக்கும் பண்டம் என்பதால் நிக்கல் முலாம் கீறாமல் உலர்ந்த இடத்தில் வைக்க வேண்டும், பழையதை முதலில் எடுக்க வேண்டும். டாலர் 2025 டிசம்பரில் 90 ரூபாயைத் தாண்டியது. 'இன்னும் ஏறும், மொத்தமாக வாங்கிவிடு' என்று யாராவது சொன்னால் அது வியாபாரம் இல்லை, சூதாட்டம். அந்தப் பக்கம் போகாதீர்கள்.

காந்தத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம், ஏனென்றால் சூடு கண்டது அங்கே. எனக்கு உங்கள் கன்ட்ரோலர் போர்டும் கவலை தருகிறது. அதை இங்கே அசெம்பிள் செய்பவரிடம் வாங்குகிறீர்கள் என்றால் உங்கள் கணக்கில் அது உள்நாட்டுச் சரக்கு. அதில் இருக்கும் மாஸ்ஃபெட்டும் (மின்சாரத்தை விட்டு நிறுத்தும் உதிரி) சிப்பும் எங்கிருந்து வருகின்றன? 2025 செப்டம்பர் கடைசியில் நெதர்லாந்து அரசு தன் நாட்டில் இயங்கும் சீனர் வசமுள்ள நெக்ஸ்பீரியா கம்பெனியின் கட்டுப்பாட்டில் தலையிட்டது. சில நாளில் சீனா, டோங்குவானில் இருக்கும் அந்தக் கம்பெனி ஆலையின் ஏற்றுமதியைத் தடுத்தது. அங்கிருந்து வருபவை டயோடு, டிரான்சிஸ்டர் போன்ற சில்லறைச் சாமான்கள். அது இல்லாமல் ஹோண்டா மெக்சிகோவில் கார் லைனை நிறுத்தியது. போர்டு செய்பவரிடம், ஒவ்வொரு முக்கிய உதிரிக்கும் போர்டில் அதே கால்கள் (பின்) வரிசையில் பொருந்துகிற இன்னொரு கம்பெனிச் சாமானைச் சோதித்து வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். 'பார்த்துக்கலாங்க' என்றால் இன்னும் சோதிக்கவில்லை என்று அர்த்தம்.

காந்தம் பொருத்திய ரோட்டாராகவே சீனாவிலிருந்து இறக்கிவிட்டால் லைசென்ஸ் தொல்லை இல்லை என்ற யோசனையும் 2025-இல் தொழில் வட்டாரத்தில் ஓடியது. அவசரத்துக்கு ஒரு கன்டெய்னர் என்றால் சரி. வழக்கமாக்கினால், அடுத்த வருஷம் கம்பி சுற்றிய ஸ்டேட்டரும் சேர்த்து அவர்களே தருவார்கள், அதற்கடுத்த வருஷம் உங்கள் வாடிக்கையாளருக்கு நேராகவே தருவார்கள்.

கடைசியாக அந்த அபராதம். பிடித்தது பிடித்ததுதானா என்பது நீங்கள் கையெழுத்திட்ட பர்ச்சேஸ் ஆர்டரின் பின்பக்கச் சிற்றெழுத்தைப் பொறுத்தது. ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி, எழுதிய தொகைக்கு உட்பட்டு நியாயமான இழப்பீடுதான் கேட்க முடியும். ஏழு வாரத்துக்கு அவர் எவ்வளவு பிடித்தார் என்று அதை வைத்துப் பேசிப் பார்க்கலாம். ஆனால் 'சீனா நிறுத்தினால் நான் என்ன செய்ய' என்பது தானாகவே உங்களைக் காப்பாற்றாது. இந்தோனேசியா நிலக்கரி விலை விதியை மாற்றியபோது இங்கே மின்உற்பத்திக் கம்பெனிகள் அதைக் காட்டி விலக்குக் கேட்டன. 2017 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது: வெளிநாட்டில் விலை ஏறியது ஒப்பந்தத்தை நிறைவேற்ற முடியாமல் செய்யும் காரணம் ஆகாது என்று. அவ்வளவு பெரிய கம்பெனிகளுக்கே கிடைக்காதது நமக்குக் கிடைக்கும் என்று நம்ப முடியாது. இனி எடுக்கும் ஆர்டரில் இரண்டு வரி சேர்க்கச் சொல்லுங்கள். ஏற்றுமதி லைசென்ஸ் மறுப்பும் தாமதமும் தவிர்க்க முடியாத காரணங்களில் பெயர் சொல்லி இருக்க வேண்டும். காப்பருக்கும் காந்தத்துக்கும் விலை மாற்ற விதி இருக்க வேண்டும். காப்பருக்கு, மின்சாதனத் தயாரிப்பாளர் சங்கமான ஐ.இ.இ.எம்.ஏ. மாதாமாதம் வெளியிடும் விலைச் சுற்றறிக்கையை எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். காந்தத்துக்கு நீங்களே பேசித்தான் வாங்க வேண்டும். பெரிய வாடிக்கையாளர் முதலில் முகம் சுளிப்பார். அவருக்கும் ஏழு வாரம் பம்பு வரவில்லை என்பதை நினைவுபடுத்துங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது உங்கள் சீன சப்ளையருக்கு ஒரு மெயில்தான். இப்போது தரும் காந்தத்தில் டிஸ்புரோசியம், டெர்பியம் எத்தனை சதவீதம், அலாய் எந்த ஆலையில் உருக்கியது, எச் ரகத்தில் அதே அளவில் இருபது செட் சாம்பிளுக்கு என்ன விலை, இந்த மூன்றையும் கேளுங்கள். சாம்பிள் வந்து பேக் ஈ.எம்.எஃப். அளக்கும் நாளில் அப்பாவையும் பக்கத்தில் உட்கார வையுங்கள், அம்மணி. வெளியே எடுத்த மோட்டார் பாடியில் கையை வைத்தே உள்ளே எவ்வளவு சூடு என்று சொல்லிவிடும் தலைமுறை அது. இரண்டு அளவையும் எழுதி எனக்கு அனுப்புங்கள், கிரேடைக் குறைப்பதா வேண்டாமா என்று அப்புறம் பேசலாம்.